ஓரம் இல்லாத விண்மீன்கள்

டிசம்பர் மாதம், மழை ஓய்ந்த ஓர் இரவில், பத்து மணி வாக்கில் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ எங்கிருந்து அண்ணாந்து பார்த்தாலும், தலைக்கு ஏறத்தாழ நேர் மேலே ஒரு விண்மீன் தெரியும். சில ஆண்டுகளில் தெரியாது. இரண்டு தகவலும் சரிதான். திமிங்கிலம் என்ற மண்டலத்தில் உள்ள அந்த விண்மீனின் பெயர் மீரா. இலத்தீன் மொழியில் ‘வியப்புக்குரியது’ என்று பொருள். கண்ணனைப் பாடிய மீராவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

1596-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வடகடலை ஒட்டிய ஃபிரீசியப் பகுதியில் வாழ்ந்த டேவிட் ஃபாப்ரீசியஸ் என்ற பாதிரியார் இதைக் கவனித்தார். அடுத்த சில வாரங்களில் அது மங்கி மறைந்தது. 1609-இல் அதே இடத்தில் மீண்டும் கண்டார். அது ஏறத்தாழ பதினொரு மாதங்களுக்கு ஒருமுறை தவறாமல் வந்து போகிறது என்பதை 1638-இல் கணித்தவர் யோஹன்னஸ் ஹோல்வார்டா என்ற டச்சு அறிஞர். இன்றைய கணக்கு 332 நாள். வானத்தில் உள்ளவை என்றும் மாறாதவை என்ற பழைய நம்பிக்கை ஐரோப்பாவில் ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலம் அது. அந்த நம்பிக்கைக்கு விழுந்த அடிகளில் மீராவும் ஒன்று.

இந்த வாரம் இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்தது மீரா மறைவதைப் பற்றி அல்ல. அதைவிட எளிதாகத் தோன்றும் ஒரு கேள்வியைப் பற்றி. மீரா எவ்வளவு பெரியது? இந்தக் கேள்விக்குச் சரியான விடை காண அறிவியலாளர்களுக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அந்த விடை வந்த விதம்தான் சுவையானது.

மூச்சு விடும் சூரியன்கள்

மீரா ஒரு முதிய விண்மீன். நம் சூரியனைப் போன்ற ஒன்று, தன் நடுவில் இருந்த ஹைட்ரஜன் எரிபொருளை எரித்து முடித்தபின் வீங்கிப் பெருத்துச் சிவந்துவிடும். அதைச் சிவப்பு இராட்சத விண்மீன் என்கிறோம். அதன் முதுமையின் கடைசிப் பகுதியில் அது துடிக்கத் தொடங்கும். நம் மார்பு மூச்சுக்கு ஏறி இறங்குவதுபோல் அதன் மேற்புறம் முழுவதும் விரிந்து சுருங்கும். மீராவுக்கு ஒரு மூச்சு 332 நாள்.

விரியும்போது வெளிப்பகுதி குளிர்கிறது. குளிர்ந்த வளியில் டைட்டானியம் ஆக்சைடு என்ற மூலக்கூறு உருவாகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது திரைபோல மறைத்துவிடும். அதனால்தான் மீராவின் வெளிச்சம் நூற்றுக்கணக்கான மடங்கு குறைந்து நம் கண்ணிலிருந்து மறைகிறது. விண்மீன் எங்கும் போய்விடவில்லை. திரை போட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கிறது.

நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. வெப்பமான பொருள்கள் எல்லாம் வெளியிடும் ஒளி அது. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் கறுப்பாகத்தான் தெரிகிறது, ஆனாலும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சுடுகிறதல்லவா? அதுபோல இந்த முதிய விண்மீன்கள் தங்கள் ஆற்றலின் பெரும்பகுதியை அகச்சிவப்பாகவே கொட்டுகின்றன. அவற்றை ஆராய அதுவே ஏற்ற வழி.

நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஐம்பது காசு

ஆனால் அளவை எப்படி எடுப்பது? எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலான விண்மீன்கள் வெறும் புள்ளிதான். நமக்கெல்லாம் தெரிந்த திருவாதிரையை எடுத்துக்கொள்வோம். மார்கழியில் விழா எடுக்கிறோமே, அந்தத் திருவாதிரைதான் மேல்நாட்டார் பெட்டல்ஜூஸ் என்று அழைக்கும் செந்நிற விண்மீன். வானில் மிகப் பெரிதாகத் தெரியும் விண்மீன்களில் அதுவும் ஒன்று. அப்படியிருந்தும் அதன் அகலம், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த நம் 50 காசு நாணயத்தின் அகலம்தான்.

1920 டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள வில்சன் மலையில் ஆல்பர்ட் மைக்கல்சனும் ஃபிரான்சிஸ் பீசும் அதை அளந்து காட்டினார்கள். அப்போது உலகிலேயே பெரிதாக இருந்த இரண்டரை மீட்டர் தொலைநோக்கியின் உச்சியில் ஆறு மீட்டர் நீள எஃகு உத்தரம் ஒன்றைப் பொருத்தினார்கள். அதன்மேல் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடிகள். இரண்டும் ஒரே விண்மீனின் ஒளியைப் பிடித்து ஓர் இடத்தில் கலக்க வேண்டும். அவ்வளவுதான் கருவி.

இதன் தத்துவம் குட்டையில் கல் எறிந்த எவருக்கும் புரியும். இரண்டு கல்லை ஒரே நேரத்தில் எறிந்தால் இரண்டு வட்ட அலைகள் பரவி ஒன்றையொன்று சந்திக்கும். மேடும் மேடும் சேர்ந்த இடத்தில் அலை உயரும். மேடும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் நீர் அசையாது நிற்கும். ஒளியும் அலைதான். இரண்டு கண்ணாடிகளிலிருந்து வரும் ஒளி கலக்கும்போது வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடும் மாறி மாறித் தோன்றும். இதைத்தான் குறுக்கீட்டு விளைவு என்று பள்ளியில் படித்தோம்.

விண்மீன் வெறும் புள்ளியாக இருந்தால் கண்ணாடிகளை எவ்வளவு விலக்கினாலும் அந்தக் கோடுகள் தெளிவாகவே இருக்கும். அதற்கு அகலம் இருந்தால், அதன் ஒரு பக்கத்து ஒளி உண்டாக்கும் கோடுகளும் மறுபக்கத்து ஒளி உண்டாக்கும் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, குறிப்பிட்ட ஓர் இடைவெளியில் எல்லாம் கலங்கி மறைந்துவிடும். திருவாதிரைக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ 3 மீட்டர் என்று கண்டார்கள். கோடு மறைந்த இடைவெளியிலிருந்து அகலத்தைக் கணக்கிட்டார்கள். சூரியன் இருக்கும் இடத்தில் திருவாதிரையை வைத்தால், அது பூமியின் பாதையையும் விழுங்கிவிடும் என்று தெரிந்தது. படம் எடுக்காமலே ஒரு விண்மீனுக்கு அளவு எடுத்தாயிற்று.

அளவு எடுக்க எடுக்க மாறும் அளவு

பிறகு வந்தவர்கள் ஒரே உத்தரத்துக்குப் பதிலாகத் தனித்தனித் தொலைநோக்கிகளை இணைத்தார்கள். லேசருக்கு வழிவகுத்த ஆய்வுக்காக 1964-இல் நோபெல் பரிசு பெற்ற சார்ல்ஸ் டவுன்ஸ், முதுமையிலும் ஓயாமல் இதில் இறங்கினார். லாரி இழுக்கும் வண்டிகளில் தொலைநோக்கிகளை ஏற்றி, அதே வில்சன் மலையில் நிறுத்தி, அகச்சிவப்பில் அளந்தது அவருடைய குழு.

அங்கேதான் குழப்பம் தொடங்கியது. 2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அளந்தால் மீராவுக்கு ஓர் அளவு. டவுன்ஸ் குழு 11 மைக்ரோமீட்டரில் அளந்தால் ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. இடையில் உள்ள அலைநீளங்களில் இடைப்பட்ட அளவுகள். ஒரே விண்மீன்; அளப்பவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள்; கருவிகளிலும் பழுது இல்லை.

நான்காம் படிவத்தில் படிக்கும் என் அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் உடனே கேட்டாள்: “சித்தப்பா, பார்க்கிற நிறத்துக்கு ஒரு சைஸ்னா, அதுக்கு ஓரமே இல்லைன்னுதானே அர்த்தம்? அப்புறம் எதுக்கு அளக்கிறாங்க?”

நல்ல கேள்வி. இரண்டு கேள்வி என்றுகூடச் சொல்லலாம். முதல் பாதிக்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. புகைமூட்டக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2015-இல் பல வாரங்கள் நாம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது இரவில் தெருவிளக்கைப் பார்த்தால் விளக்கைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் தெரியும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்த வட்டம்தான் விளக்கு. புகையை ஊடுருவும் கண் ஒருவருக்கு இருந்தால் அவருக்கு உள்ளே இருக்கும் சிறிய குமிழ் மட்டும் தெரியும். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் விளக்கை அளக்கிறார், மற்றவர் புகையை அளக்கிறார்.

மீராவைச் சுற்றியும் ஒரு மூட்டம் இருக்கிறது. அது எதனால் ஆனது தெரியுமா? பெரும்பகுதி நீராவி. கூடவே கார்பன் மோனாக்சைடு.

விண்மீனில் தண்ணீரா என்று வியக்க வேண்டியதில்லை. மீராவின் மேற்புறம் சூரியனைவிட மிகக் குளிர்ந்தது. அதற்கும் மேலே உள்ள வளி 2,000 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்தச் சூட்டில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கைகோத்து நீராவியாக நிற்க முடியும். இதை நாம் கண்டுபிடிக்கத் தாமதமானதற்குக் காரணமும் தண்ணீர்தான். நம் பூமியின் காற்றிலுள்ள ஈரம், அங்கிருந்து வரும் நீராவியின் அடையாளத்தை மறைத்துவிடுகிறது. 1960-களில் பலூனில் ஏற்றி அனுப்பிய ஒரு தொலைநோக்கிதான் மீராவில் நீராவி இருப்பதை முதலில் காட்டியது. 1995-இல் ஐரோப்பியர்கள் விண்ணுக்கு அனுப்பிய அகச்சிவப்பு ஆய்வுக்கலம் அதைத் திட்டவட்டமாக உறுதி செய்தது.

நீராவி எல்லா அலைநீளத்தையும் ஒரே அளவில் மறைப்பதில்லை. சில அலைநீளங்களில் அது கண்ணாடிபோல் ஒளியை விட்டுவிடும். சிலவற்றில் சுவர்போல் நிற்கும். விடுகிற அலைநீளத்தில் பார்ப்பவருக்கு உள்ளே இருக்கும் விண்மீன் தெரிகிறது. தடுக்கிற அலைநீளத்தில் பார்ப்பவருக்கு மூட்டத்தின் வெளிவிளிம்பு தெரிகிறது. இரண்டு மடங்கு வேறுபாட்டின் மர்மம் இவ்வளவுதான்.

நாதஸ்வரம் சொன்ன தீர்ப்பு

இனி அவளுடைய கேள்வியின் இரண்டாம் பாதி. எதற்காக அளக்க வேண்டும்?

விண்மீன் துடிப்பதற்கும் நாதஸ்வரம் ஒலிப்பதற்கும் அடிப்படை ஒன்றுதான். நீளமான குழல் தாழ்ந்த ஒலி தரும். குட்டையான குழல் உயர்ந்த ஒலி தரும். அதே குழலை அழுத்தி ஊதினால் மேல்ஸ்தாயியும் பேசும். விண்மீனும் அப்படியே. ஒரே எடையுள்ள இரண்டில் பெரியது மெதுவாகத் துடிக்கும். ஆனால் மேல்ஸ்தாயியில் துடித்தால் பெரிய விண்மீன்கூட வேகமாகத் துடிக்கலாம்.

பழைய அளவுகளை நம்பிக் கணக்குப் போட்டவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. இவ்வளவு பெரிய விண்மீன்கள் அடிநாதத்தில் துடித்தால் ஒரு துடிப்புக்கு இன்னும் அதிக நாள் ஆக வேண்டும். எனவே மீரா போன்றவை மேல்ஸ்தாயியில் துடிக்கின்றன என்று முடிவு கட்டினார்கள். 1990-களில் வேறொரு பக்கத்திலிருந்து மறுப்பு வந்தது. நம் பால்வீதிக்கு அருகிலுள்ள பெரிய மெகல்லன் மேகத்தில் இத்தகைய விண்மீன்களை ஏராளமாகக் கண்காணித்து, வெளிச்சத்தையும் துடிப்பு நாளையும் ஒப்பிட்டவர்கள், இவை அடிநாதத்தில்தான் துடிக்கின்றன என்றார்கள். இரண்டு முகாம், இரண்டிலும் வலுவான சான்று.

2004-இல் பிரான்சின் கய் பெரானும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த குறுக்கீட்டுக் கருவியைக் கொண்டு மீரா வகை விண்மீன்களை அகச்சிவப்பின் பல குறுகிய அலைநீளப் பட்டைகளில் தனித்தனியாக அளந்து வெளியிட்டார்கள். உள்ளே ஒரு விண்மீன், அதற்கு மேல் ஏறத்தாழ விண்மீனின் ஓர் ஆரம் தள்ளி மெல்லிய மூலக்கூறு அடுக்கு என்று வைத்துக்கொண்டால் எல்லா அளவுகளும் ஒரே படத்தில் பொருந்தின. அந்த அடுக்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உண்மையான விண்மீன் முன்பு நினைத்ததைவிடச் சிறியது. சிறியதாகிவிட்டதால் அடிநாதமே சரியாக வந்தது. புகையை விளக்கென்று அளந்ததுதான் சண்டைக்கே காரணம்.

என்னை இந்தக் கதையில் கவர்வது இதுதான். யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. இரு தரப்பு அளவுகளும் அப்படியே நிற்கின்றன. எதை அளந்தோம் என்பது மட்டும் தெளிவாகியது.

பாலைவனத்தில் நான்கு கண்கள்

இதையெல்லாம் கணக்காக மட்டுமின்றிப் படமாகவும் பார்க்க முடியுமா? தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், அட்டகாமா பாலைவனத்தின் பரனால் மலை உச்சியில், 2,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஐரோப்பிய தெற்கு வான்காணகத்தின் தொலைநோக்கிகள் நிற்கின்றன. 8.2 மீட்டர் கண்ணாடி கொண்டவை நான்கு. சிலி நாட்டின் பழங்குடியினரான மப்புச்சே மக்களின் மொழியில் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: அன்ட்டு, குவேயன், மெலிப்பால், யெப்பூன். கூடவே 1.8 மீட்டர் கண்ணாடியுடன் தண்டவாளத்தில் நகரும் துணைத் தொலைநோக்கிகள் நான்கு.

ஒவ்வொன்றும் பிடிக்கும் ஒளி கண்ணாடிகள் வழியே நிலத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குப் போகிறது. அங்கே தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டிகளில் கண்ணாடிகள் இருக்கும். பூமி சுழலச் சுழல, ஒரு தொலைநோக்கிக்கு ஒளி முந்தியும் மற்றொன்றுக்குப் பிந்தியும் வந்து சேரும். முந்தி வந்த ஒளியைக் கொஞ்சம் சுற்றுவழியில் அனுப்பி, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் சந்திக்க வைப்பது அந்த வண்டிகளின் வேலை. பல பத்து மீட்டர் ஓட்டத்தில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. அகச்சிவப்புக்கு அலைநீளம் அதிகம் என்பதால் காற்றின் நடுக்கத்தை அது ஓரளவு தாங்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இந்த வித்தை இன்னும் கடினம்.

2009-இல் இந்தத் துணைத் தொலைநோக்கிகளால் எடுத்த ஒரு படம் வெளியானது. வேட்டைக்காரன் மண்டலத்தின் காலடியில் முயல் என்ற சிறு மண்டலம் உண்டு. அதில் 500 ஒளியாண்டு தொலைவில் உள்ள ‘டி லெப்போரிஸ்’ என்ற விண்மீனின் படம் அது. மீராவின் இனம், துடிப்பு 380 நாள். சிங்கப்பூரிலிருந்து லங்காவிவரை நேர்கோட்டில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். அதற்கும் சற்று அப்பால் வைத்த ஒரு 50 காசு நாணயம்தான் அதன் அகலம். பல இரவுகள் எடுத்த நூற்றுக்கணக்கான அளவுகளைக் கோத்துக் கிடைத்த படத்தில் குறுக்கே 15 புள்ளி, நெடுக்கே 15 புள்ளி மட்டுமே. நம் கைப்பேசியில் வரும் சின்னப் பொம்மைப் படம்கூட அதைவிடத் தெளிவாக இருக்கும். ஆனாலும் அதில் இரண்டும் தெரிந்தன: சூரியனைப்போல் நூறு மடங்கு அகலமான விண்மீன், அதைச் சூழ்ந்து, அதைவிட மூன்று மடங்கு அகலமான மூலக்கூறுக் கூடு. கணக்கில் இருந்த மூட்டத்தைக் கண்ணால் பார்த்தாயிற்று.

2018-இல் அதே மலையிலிருந்து கிளாடியா பலடீனியின் குழு ‘பை1 குருயிஸ்’ என்ற இராட்சத விண்மீனின் மேற்புறத்தையே படம்பிடித்தது. கொதிக்கும் உலையில் குமிழி எழுவதுபோல் விண்மீன்களில் வெப்ப வளி எழுந்து தாழும். நம் சூரியனில் அத்தகைய குமிழிகள் இருபது இலட்சம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் அகலம். அந்த விண்மீனிலோ ஒரு குமிழி ஏறத்தாழ 12 கோடி கிலோமீட்டர், அதாவது விண்மீனின் அகலத்தில் கால் பங்குக்கு மேல். ஒரு பானை நிறைய நாலைந்து குமிழிதான் என்றால் உலை எப்படித் தளும்பும் என்று நினைத்துப் பாருங்கள்.

மணல் துகளும் கறுப்புக் காரும்

டி லெப்போரிஸ் ஒவ்வோர் ஆண்டும் நம் பூமியின் எடைக்கு நிகரான பொருளை விண்வெளியில் இழந்துகொண்டிருக்கிறது. மீரா இழந்த பொருள் 13 ஒளியாண்டு நீளத்துக்கு வால்போல் பின்னால் நீண்டு கிடப்பதை 2007-இல் நாசாவின் புறஊதாத் துணைக்கோள் ஒன்று கண்டது. ஏறத்தாழ 30,000 ஆண்டு காலத்தில் அது உதிர்த்த வளி அது. இப்படி உதிர்ந்தவற்றிலிருந்துதான் அடுத்த தலைமுறை விண்மீன்களும் கோள்களும் உருவாகின்றன. நம் உடலிலுள்ள கார்பனிலும் நைட்ரஜனிலும் பெரும்பங்கு இத்தகைய முதிய விண்மீன்கள் போட்ட பிச்சை.

ஆனால் அவ்வளவு எடையை வெளியே தள்ளுவது யார்? துடிப்பு வளியைத் தூக்கிவிடும். அது மட்டும் போதாது, திரும்ப விழுந்துவிடும். தூக்கிய உயரத்தில் வளி குளிர்ந்து தூசியாகும். விண்மீனின் ஒளி அந்தத் தூசியைத் தள்ளும். தூசி வளியை இழுத்துக்கொண்டு போகும். இதுதான் பாடநூல் விளக்கம். இங்கேயும் ஒரு முடிச்சு. மீராவைச் சுற்றி உருவாகும் தூசி பெரும்பாலும் சிலிக்கேட்டு, நம் பாறையின் இனம். அதில் இரும்பு கலந்திருந்தால் வெயிலில் நிறுத்திய கறுப்புக் கார்போல் சூடேறி, விண்மீனுக்கு அருகிலேயே ஆவியாகிவிடும். இரும்பு இல்லாவிட்டால் வெள்ளைக் கார்போலச் சூடு ஏறாமல் தப்பும். ஆனால் ஒளியை வாங்கிக்கொள்ளாத துகளை ஒளி எப்படித் தள்ளும்?

சுவீடனின் சுசான் ஹோஃப்னர் 2008-இல் ஒரு வழி சொன்னார். துகள் போதிய அளவு பெரிதாக இருந்தால் ஒளியை விழுங்காமலே சிதறடிக்கும். சிதறும்போது உந்து கிடைக்கும். பந்தை விழுங்க வேண்டாம், பந்து பட்டுத் தெறித்தாலே தள்ளு விழும். 2012-இல் பார்னபி நோரிஸ் முதலானோர் பரனாலில் ஒரே தொலைநோக்கியின் உள்ளே துளைகள் போட்ட தகட்டை வைத்து அதையே குறுக்கீட்டுக் கருவியாக்கினார்கள். மூன்று இராட்சத விண்மீன்களைச் சுற்றி, மேற்புறத்துக்கு மிக அருகிலேயே, 0.3 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒளிபுகும் துகள்கள் இருப்பதைக் கண்டார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. ஹோஃப்னர் எதிர்பார்த்த அளவுக்கு அது ஒத்துப்போனது.

கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அந்த மூன்றில் ஒன்றான ‘ஆர் டொராடஸ்’ விண்மீனைச் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தினர் மீண்டும் நுணுக்கமாக ஆராய்ந்து 2025-இல் வேறு முடிவு சொன்னார்கள். அங்குள்ள தூசித் துகள்கள், ஒளி மட்டுமே தள்ளி வெளியேற்றும் அளவுக்குப் பெரியவை அல்ல. அப்படியானால் துடிப்புக்கும் அந்த இராட்சதக் குமிழிகளுக்கும் நாம் நினைத்ததைவிடப் பெரிய பங்கு இருக்க வேண்டும். அதே விண்மீனில் சூரியனைப்போல் 75 மடங்கு அகலமான குமிழிகள் ஏறத்தாழ ஒரு மாதத்தில் மாறிக்கொண்டே இருப்பதை 2024-இல் வெளியான படங்கள் காட்டியிருந்தன. அட்டகாமாவிலுள்ள ஆல்மா வானொலித் தொலைநோக்கிகள் அதே குறுக்கீட்டு முறையில் எடுத்த படங்கள் அவை.

பூமிக்கு இதில் என்ன பங்கு?

இதெல்லாம் எங்கோ நடப்பதுதானே என்று கேட்கலாம். இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் நம் சூரியனும் இந்த வழியே போகும். சிவக்கும், வீங்கும், துடிக்கும், உதிரும். இறுதியில் தன் எடையில் ஏறத்தாழ பாதியை இழந்து, சிறிய வெள்ளைக் குறுமீனாக மிஞ்சும்.

வீங்கும் சூரியன் பூமியை விழுங்குமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. விடை இரண்டு வேகங்களுக்கு இடையிலான ஓட்டப்பந்தயத்தில் இருக்கிறது. சூரியன் வீங்கி நம்மை நோக்கி வரும். அதே நேரத்தில் எடையை இழப்பதால் அதன் ஈர்ப்புப் பிடி தளர்ந்து பூமியின் பாதை வெளிப்பக்கமாக விலகும். எது முந்தும் என்பது, சூரியன் எப்போது, எவ்வளவு வேகத்தில் உதிரும் என்பதைப் பொறுத்தது. அந்த வேகத்தை நிர்ணயிப்பது விண்மீனின் உள்ளே எரியும் உலை மட்டுமல்ல. மேலே, விண்மீன் எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாத அந்த நீராவி மூட்டத்திலும், அதில் விளையும் தூசியிலும் அது இருக்கிறது.

எனவே என் அண்ணன் மகளுக்கு நான் சொன்ன விடை இதுதான். ஓரம் இல்லை என்பதால் அளப்பது வீண்வேலை ஆகிவிடவில்லை. ஓரம் என்று நாம் நினைத்த இடத்தில்தான் எல்லாமே நடக்கிறது. ஒவ்வோர் அலைநீளத்திலும் கிடைக்கும் ஒவ்வோர் அளவும், அந்த மூட்டத்தின் ஒவ்வோர் அடுக்கைப் பற்றிய செய்தி. அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை வீசிவிடாமல், இரண்டையும் வைத்துக்கொண்டு யோசித்தவர்களுக்குத்தான் விண்மீனின் தண்ணீரும் மணலும் கண்ணில் பட்டன.